கழித்தல் தவறிய கணக்கு: நீலகிரித் தேயிலையும் செஞ்சிலந்தியும்

பிப்ரவரி பாதியைத் தாண்டிவிட்டால் குன்னூரிலிருந்து கோத்தகிரி போகும் சாலையில் தேயிலையின் நிறம் மாறத் தொடங்கும். முதலில் தார்ச்சாலையை ஒட்டிய இரண்டு மூன்று வரிசைகள். அடுத்து, நிழல் மரம் போய் மொட்டை வெயில் விழும் துண்டுகள். இலையின் பச்சை மங்கும், செம்பு நிறம் ஏறும், மார்ச்சிலும் மழை பொய்த்தால் சரிவு முழுக்கச் செங்கல் நிறத்துக்கு வந்துவிடும். பேருந்திலிருந்து பார்ப்பவர்கள் வெயிலில் காய்ந்துவிட்டது என்பார்கள். கொஞ்சம் விவரம் தெரிந்தவர்கள் உறைபனியில் கருகியது என்பார்கள். பனியும் கருக்கத்தான் செய்யும். ஆனால் அது பள்ளத்தில் நிற்கும் செடியை முதலில் பிடிக்கும், கொழுந்திலிருந்து கீழே இறங்கும். இந்தச் செம்பு நிறமோ அடியிலுள்ள முதிர் இலையில் தொடங்கி மேலே ஏறும். தோட்டத்தில் எல்லோரும் ‘ரெட் ஸ்பைடர்’ என்றுதான் சொல்கிறார்கள். துறைகளின் துண்டறிக்கைகளில் அது செஞ்சிலந்தி, சில இடங்களில் சிவப்புச் சிலந்திப்பேன்.

செஞ்சிலந்தி என்று பேச்செடுத்தாலே ‘எந்த மருந்து அடிக்கலாம்?’ என்ற கேள்விக்குத்தான் நேராகப் போகிறோம். அந்தக் கேள்வி தப்பில்லை, வயிற்றுப்பாடு அதில் இருக்கிறது. ஆனால் இந்த உயிரி எப்படிப் பெருகுகிறது, அதைத் தின்று குறைப்பவர்கள் யார் என்ற இரண்டும் தெரியாமல் மருந்தைப் பற்றிப் பேசிப் பயனில்லை என்பது என் கட்சி. பெருக்கம் ஒரு கணக்கு என்று வைத்துக்கொண்டால், கூட்டல் பக்கத்தை மட்டும் பார்த்து மிரள்கிறோம். கழித்தல் பக்கத்தை யார் அழித்தார்கள் என்று கேட்பதில்லை.

முதலில் ஆளைத் தெரிந்துகொள்வோம். செஞ்சிலந்தி பூச்சியும் இல்லை, நிஜச் சிலந்தியும் இல்லை. சிலந்தி, தேள், உண்ணி எல்லாம் அடங்கிய எட்டுக்கால் வகுப்பைச் சேர்ந்த சிற்றுண்ணி. இதன் குடும்பத்துக்கு அறிவியல் வைத்த பெயர் டெட்ரானிக்கிடே, பொதுவாகச் சிலந்திப்பேன்கள். உலகம் முழுவதும் 1,200க்கும் மேற்பட்ட இனங்கள் இந்தக் குடும்பத்தில் உண்டு, எல்லாமே செடி தின்பவை. குடும்பத்தில் பல இனங்கள் நூல் நூற்கும், அதனால்தான் சிலந்தி என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. ஆனால் சிலந்திக்கு நூல் வருவது வயிற்றின் பின்முனையிலிருந்து. இவற்றுக்கு வாயோரத்து உணர்கொம்புகளின் நுனியிலிருந்து. இரை பிடிக்க அல்ல, முட்டையை மூடவும், இலையில் கால் பிடித்து நிற்கவும், எதிரியைத் தடுக்கவும்தான் அந்த நூல்.

நம் தேயிலையில் இருப்பவரின் முழுப்பெயர் ஒலிகோனிகஸ் காஃபியே. பெயரிலேயே காப்பி இருப்பதற்குக் காரணம் உண்டு. 1861இல் இதை முதன்முதலாக விவரித்தவர், இலங்கையில் காப்பித் தோட்டம் நடத்திக்கொண்டிருந்த நீட்னர் என்ற ஜெர்மானியர். காப்பிச் செடியின் எதிரிகளைப் பட்டியல் போட்டபோது இதையும் எழுதிவைத்தார். அதற்குச் சில ஆண்டுகளில் இலைத்துரு நோய் வந்து இலங்கையின் காப்பி அழிந்தது, அங்கே தேயிலை வந்தது. அசாம் தேயிலையில் 1868இலேயே இதைப் பார்த்துவிட்டார்கள். பயிர் மாறியும் பெயர் மாறவில்லை.

கையில் 10 மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் ஒன்று இருந்தால் போதும், ஒரு முதிர் இலையைப் பறித்து வெயிலில் பிடித்துப் பாருங்கள். மேற்புறத்தைத்தான் பார்க்க வேண்டும். இந்தக் குடும்பத்தில் பல இனங்கள் இலையின் அடியில் ஒளிந்துகொள்ளும். இது மேலேயே வெட்டவெளியில் குடியிருக்கும். நடு நரம்பையும் கிளை நரம்புகளையும் ஒட்டிச் சிவப்புக் குன்றிமணிகள் தெரியும், உச்சியில் ஒவ்வொன்றுக்கும் வளைந்த ஒற்றை மயிர். அவைதான் முட்டைகள். அவற்றுக்கிடையில் வெள்ளை வெள்ளையாக ஒட்டியிருப்பது தூசி என்று தோன்றும். ஊதினால் போகாது. அவை உரித்துப்போட்ட சட்டைகள். முட்டையிலிருந்து வரும் குஞ்சுக்கு ஆறு கால்தான். முதல் சட்டை உரித்த பிறகே எட்டுக் கால். அதற்குமேல் இரண்டு இளம்பருவம், ஒவ்வொரு பருவத்துக்கும் இடையில் காலை மடக்கி அசையாமல் கிடக்கும் ஒரு காலம். வளர்ந்த பெண்ணுக்கு முன்பாதி சிவப்பு, பின்பாதி கருஞ்சிவப்பு. நீளம் அரை மில்லிமீட்டரைத் தாண்டாது. ஆண் இன்னும் சின்னது, பின்பக்கம் கூர்ந்து இருக்கும். கடைசிச் சட்டையை உரிக்கக் காத்துக் கிடக்கும் பெண்ணின் மேல் ஓர் ஆண் காவல் உட்கார்ந்திருப்பதை லென்ஸில் பார்க்க முடிந்தால் அன்றைக்கு உங்களுக்கு அதிர்ஷ்டம். வேறு ஆண் வந்தால் சண்டைதான்.

சாப்பாட்டு முறையைச் சொல்லாமல் இலையின் நிறமாற்றம் புரியாது. இதற்குக் கடித்து மெல்லும் தாடை கிடையாது. வாயில் ஊசிபோல் நீளும் இரண்டு இழைகள் இருக்கின்றன. அவற்றை இலைக்குள் செருகி, உள்ளேயுள்ள ஒரு செல்லைக் குத்தி, அதிலிருக்கும் பச்சையத்தோடு சேர்த்து உறிஞ்சிவிட்டு அடுத்த செல்லுக்குப் போகும். காலியான செல் வெளிறிய புள்ளியாக மிஞ்சும். புள்ளிகள் ஆயிரக்கணக்கில் சேர்ந்து, வெயிலும் படும்போது அந்தப் பரப்பு செம்பு நிறமாகிறது. தேயிலைச் செடிக்கு உணவு தயாரிப்பது முதிர் இலைதான். அது வேலை செய்யாமல் போனால் பறிக்கும் கொழுந்து குறையும், வளராமல் நின்ற மொட்டுகள் அதிகமாகும். செஞ்சிலந்தி நேரடியாகக் கொழுந்தைத் தின்னாவிட்டாலும் நட்டம் கொழுந்தில்தான் விழுகிறது. முற்றிப்போன தாக்குதலில் அது கொழுந்துக்கும் ஏறும்.

இனி கூட்டல் பக்கம்.

வெயில் காலத்தில் முட்டையிலிருந்து முட்டையிடும் பெண் ஆவதற்கு இரண்டு வாரம் போதும், கீழ்ச்சரிவுகளின் சூட்டில் அதுவும் வேண்டாம். நன்றாக அமைந்தால் ஒரு பெண் வாழ்நாளில் நூறு முட்டைக்குப் பக்கம் வைக்கும். தாராளமாகக் குறைத்தே கணக்குப் போடுவோம்: ஒரு பெண்ணிலிருந்து 15 நாளில் முட்டையிடத் தயாரான 20 பெண்கள் மிஞ்சுவதாக வைத்துக்கொள்ளுங்கள். 60 நாளில் நான்கு தலைமுறை, 1,60,000 பெண்கள். ஜனவரியில் ஒரு செடியில் கண்ணில் படாமல் இருந்தது மார்ச்சில் ஏன் ஒரே வாரத்தில் வெடித்ததுபோல் தெரிகிறது என்பதற்கு விடை இதுதான். வெடிக்கவில்லை, பெருகிக்கொண்டேதான் இருந்தது. நாம் பார்க்கத் தொடங்கியது கடைசித் தலைமுறையை.

இந்தக் குடும்பத்தின் இனப்பெருக்கத்தில் இன்னொரு விசேஷம், ஆணும் பெண்ணும் பிறக்கும் விதம். கருவுற்ற முட்டை பெண்ணாகும். கருவுறாத முட்டையும் வீணாகாது, ஆணாகும். தேனீக்களிலும் இப்படித்தான். ஆகவே காற்றில் வந்து விழுந்த ஒரே ஒரு கன்னிப்பெண் போதும். அவள் முட்டை வைப்பாள், மகன்கள் பிறப்பார்கள், அவர்களில் ஒருவனோடு கூடி மகள்களையும் பெறுவாள். நமக்கு முகம் சுளிக்கத் தோன்றலாம், அவளுக்கு ஒரு சரிவு முழுக்கக் குடும்பம் ஆகிவிடும். குடும்பத்தின் சில கிளைகள் இதிலும் ஒருபடி மேலே போகின்றன. பிரையோபியா என்ற பேரினத்தில் சில இனங்களில் ஆணே கிடையாது. செல்லுக்குள் குடியிருக்கும் வோல்பாக்கியா என்ற பாக்டீரியா கருவுறாத முட்டைகளையும் பெண்ணாக்கிவிடுகிறது.

ஆணுக்கு ஒற்றை மரபணுத் தொகுதிதான் என்பதால் இன்னொரு விளைவும் உண்டு. மருந்தைத் தாங்கும் மரபணு ஒன்று தற்செயலாகத் தோன்றினால் இரட்டைத் தொகுதி உள்ள உயிர்களில் அது பல தலைமுறை மறைந்து கிடக்கலாம். இங்கே மறைய இடமில்லை. ஆணில் அது உடனே வெளிப்படும், மருந்து அடித்த மறுநாளே அந்த ஆண்கள் மட்டும் மிஞ்சுவார்கள். இந்தக் குடும்பத்தின் பெரிய ரவுடியான டெட்ரானிக்கஸ் உர்ட்டிகே, அதாவது இரட்டைப்புள்ளிச் சிலந்திப்பேன், 90க்கும் மேற்பட்ட மருந்துப் பொருள்களை ஏதாவது ஓரிடத்தில் தாக்குப்பிடித்திருக்கிறது. உதகையிலும் கோத்தகிரியிலும் பாலிஹவுஸில் கார்னேஷன் போடுபவர்களுக்கும், கொடைக்கானல் பக்கம் பீன்ஸ் போடுபவர்களுக்கும் இதை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. 2011இல் இதன் மரபணுத்தொகுதியை முழுதாகப் படித்தார்கள். மொத்தமே 9 கோடி எழுத்துகள்தான், மனிதனுடையதில் முப்பதில் ஒரு பங்குக்கும் குறைவு. அந்தச் சின்னப் புத்தகத்துக்குள் பூஞ்சைகளிடமிருந்தும் பாக்டீரியாக்களிடமிருந்தும் கைமாறி வந்த மரபணுக்கள் இருந்தன. குளிர்காலத்தில் உறங்கும் பெண்கள் ஆரஞ்சு நிறமாவதற்கான நிறமியைச் செய்யும் மரபணு பூஞ்சையுடையது. சயனைடு சுரந்து தங்களைக் காத்துக்கொள்ளும் செடிகளைத் தின்று செரிக்க உதவும் மரபணு பாக்டீரியாவுடையது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட செடி வகைகளில் பிழைக்கத் தெரிந்த உயிருக்கு, மருந்துக்கடையில் புதிதாக வந்த குப்பி இன்னொரு செடியின் விஷம் போலத்தான்.

எண்கள் இப்படி இருந்தால், உலகம் இந்நேரம் செம்பு நிறமாகியிருக்க வேண்டும். ஆகவில்லை. சோலைக்குள் நடந்து போங்கள், ஒரு மரமாவது அடிமுதல் நுனிவரை செம்பாகி நிற்கிறதா? நான் பார்த்ததில்லை. ஆக, கழித்தல் எங்கேயோ நடந்துகொண்டே இருக்கிறது.

முதல் கழித்தல் மழை. செஞ்சிலந்தி இலையின் மேற்புறத்தில் குடியிருப்பதால் கனமழை அதன் தலையில்தான் விழுகிறது. உலவும் சிலந்திகளில் பெரும்பங்கு அடித்துப்போய்விடும், முட்டை மட்டும் ஒட்டிக்கொண்டு பிழைக்கும். நீலகிரியின் மேற்குப் பக்கம், கூடலூர், பந்தலூர், தேவாலாவில், தென்மேற்குப் பருவமழை நான்கு மாதம் இந்த வேலையைச் செய்கிறது. குன்னூர், கோத்தகிரிப் பக்கத்துக்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்கு மழைதான் பெரிய மழை. ஆகவே இரண்டு பக்கத்துக்கும் தாக்குதல் நாட்காட்டி ஒன்றில்லை. ஜனவரி முதல் மார்ச் வரை வறட்சி மட்டும் பொது. உதகையின் 2,200 மீட்டர் உயரத்தில் குளிர் தலைமுறைகளின் வேகத்தைக் குறைக்கிறது. கீழே இறங்க இறங்க வேகம் கூடுகிறது. ஈரம் நிறைந்த நாள்களில் சிலந்திப்பேன்களைப் பிடிக்கும் பூஞ்சை நோய்களும் உண்டு, ஒரு கூட்டத்தையே அவை சில நாளில் காலி செய்யும்.

இரண்டாவது கழித்தல், தின்பவர்கள். இங்கேதான் கொஞ்சம் நிற்க வேண்டும்.

அதே லென்ஸில், அதே இலையில், செஞ்சிலந்திகளுக்கு இடையில் இன்னொருவர் ஓடுவதைக் காணலாம். பேரிக்காய் வடிவம், பளபளப்பான உடல், வெளிர் நிறம், சில சமயம் தின்றதின் சிவப்பு உள்ளே தெரியும். செஞ்சிலந்தி மெதுவாக நகரும், இவரோ நிற்கவே மாட்டார். இவரும் சிற்றுண்ணிதான், பைட்டோசீடே என்ற வேறு குடும்பம். அதில் 2,000க்கும் மேற்பட்ட இனங்கள். கண் கிடையாது. முன்னங்கால் இரண்டையும் தரையில் ஊன்றாமல் காற்றில் அசைத்து மோப்பம் பிடித்தே வேட்டை. தென்னிந்தியத் தேயிலையில் இவர்களில் முக்கியமானவர் நியோசீயுலஸ் லாங்கிஸ்பைனோசஸ். செஞ்சிலந்தியின் முட்டையும் இளசுகளும் இவருக்கு இஷ்டம். கூடவே ஸ்டீத்தோரஸ் என்ற பொறிவண்டும் உண்டு. பொறிவண்டு என்றதும் புள்ளி போட்ட சிவப்பு வண்டை நினைக்க வேண்டாம். இது கறுப்பு, ஒன்றரை மில்லிமீட்டர்தான். புழுவாக இருக்கும்போதும் வண்டான பிறகும் சிலந்திப்பேன்களே இதன் முழுநேர உணவு. பச்சைக் கண்ணாடி இறக்கைப் பூச்சியின் புழுக்களும் வந்து சேர்ந்துகொள்ளும். வால்பாறையில் உள்ள உபாசி (தென்னிந்தியத் தோட்ட உரிமையாளர்கள் சங்கம்) தேயிலை ஆராய்ச்சி நிலையத்தார் இந்த மூவரையும் பற்றி ஆய்வுகள் செய்திருக்கிறார்கள்.

கண்ணில்லாத வேட்டைக்காரர் இரை இருக்கும் இலையை எப்படிக் கண்டுபிடிக்கிறார்? 1980களில் நெதர்லாந்தில் மௌரிஸ் சபெலிஸ், மார்செல் டிக்கே ஆகியோர் இதைச் சோதித்தார்கள். சிலந்திப்பேன் தாக்கிய அவரை வகைச் செடியின் வாசனை ஒரு பக்கம், தாக்கப்படாத செடியின் வாசனை இன்னொரு பக்கம் என்று விட்டால், வேட்டைச் சிற்றுண்ணிகள் தாக்கப்பட்ட செடியின் பக்கம் திரும்பின. கடி வாங்கிய இலை தானே ஆவியாகும் சில வேதிப்பொருள்களை வெளியிடுகிறது. வேட்டைக்காரர்களுக்கு அதுவே முகவரி. செடியைச் சும்மா தின்னக் கொடுத்து நிற்கும் உயிர் என்று பாடம் படித்த நமக்கு இது கொஞ்சம் அதிர்ச்சிதான்.

செடி வாடகை இல்லாமல் வீடும் கொடுக்கிறது. காப்பி இலை ஒன்றைப் பறித்துத் திருப்புங்கள். கோத்தகிரியின் கீழ்ச்சரிவில் கிடைக்கும், பழனி மலையில் என்றால் தாண்டிக்குடி, பண்ணைக்காடு பக்கம் எங்கு வேண்டுமானாலும் கிடைக்கும். நடு நரம்பிலிருந்து கிளை நரம்பு பிரியும் மூலையில் ஊசி நுனி அளவுக்கு ஒரு குழி இருக்கும். ஒவ்வொரு கிளை நரம்புக்கும் ஒன்று. மேற்புறத்தில் அதே இடம் லேசாகப் புடைத்திருக்கும். நோய் என்று பலர் நினைப்பதுண்டு. அது சிற்றுண்ணி அறை. அதற்குள் வேட்டைச் சிற்றுண்ணிகளும், இலைமேல் வளரும் பூஞ்சையைத் தின்னும் சிற்றுண்ணிகளும் தங்கி முட்டை வைக்கின்றன. 1887லேயே லுண்ட்ஸ்ட்ரோம் என்ற தாவரவியலாளர் இவற்றுக்குப் பெயர் வைத்து, இது செடியும் சிற்றுண்ணியும் செய்துகொண்ட ஏற்பாடு என்று எழுதினார். முதிர்ந்த தேயிலையின் மேற்புறமோ வழுவழுப்பு. அங்கே வேட்டைக்காரர்கள் ஒண்டுவதற்கு வேறு இடம் வேண்டும்: வரப்புச் செடிகள், நிழல் மரம், அடியில் மக்கும் இலை. செஞ்சிலந்தி இல்லாத மாதங்களில் இவர்களில் பலர் மகரந்தம் தின்றே பிழைப்பவர்கள். களைக்கொல்லி அடித்து வரிசைக்கிடையில் மண்ணை வழித்துவைத்த தோட்டத்தில் அந்த மகரந்தம் எங்கிருந்து வரும்?

இப்படித்தான் கழித்தல் பக்கம் கரையத் தொடங்குகிறது. உலக அளவில் நடந்த கதையும் இதேதான். இரண்டாம் உலகப்போருக்கு முன்னால் பழத்தோட்டங்களில் சிலந்திப்பேன் பெரிய பேச்சாக இருக்கவில்லை. டிடிடி வந்து பூச்சிகளைக் கொன்றபோது பொறிவண்டுகளும் வேட்டைச் சிற்றுண்ணிகளும் சேர்ந்தே செத்தன. சிலந்திப்பேன் சாகவில்லை. அதன் பிறகுதான் சிற்றுண்ணிக்கென்றே தனி மருந்து என்ற ஒரு வியாபாரமே பிறந்தது. அந்த வரிசையில் புகழ்பெற்ற டைகோஃபாலைத் தயாரித்ததே டிடிடியிலிருந்துதான் என்பது யாரோ வேண்டுமென்றே எழுதிய திருப்பம் மாதிரி இருக்கிறது. 2019இல் அது, எளிதில் அழியாத நச்சுப்பொருள்களுக்கான ஸ்டாக்ஹோம் சர்வதேச ஒப்பந்தத்தின் ஒழிக்கப்பட வேண்டிய பட்டியலில் சேர்ந்தது; 2023இல் இந்தியாவும் தடை செய்தது.

தேயிலையில் இன்றைக்கு இதே கதை தேயிலைக் கொசு (பெயரில்தான் கொசு, சாறு உறிஞ்சும் பூச்சி) வழியாகவும் இலைப்பேன் வழியாகவும் நடக்கிறது. அவற்றுக்கு அடிக்கும் செயற்கைப் பைரித்ராய்டு மருந்துகள் வேட்டைக்காரர்களைத் துடைத்தெடுத்துவிடுகின்றன. இரண்டு மூன்று வாரத்தில் செஞ்சிலந்தி கிளம்புகிறது. ‘கொசுவுக்கு அடித்தேன், சிலந்தி வந்தது’ என்று சொல்பவர்கள் ஜோசியம் சொல்லவில்லை. சில மருந்துகள் இன்னும் ஒருபடி போகும். நியூயார்க்கின் சென்ட்ரல் பார்க்கில் எல்ம் மரங்களை ஒரு ஆசிய வண்டிடமிருந்து காக்க இமிடாகுளோப்ரிட் என்ற பூச்சிமருந்தைக் கொடுத்தார்கள். அந்த மரங்களில் சிலந்திப்பேன் பெருகியது. ஆராய்ந்தபோது, தின்பவர்களின் எண்ணிக்கை குறைந்துபோனது மட்டும் காரணம் இல்லை என்று தெரிந்தது. மருந்து ஏறிய இலையைத் தின்ற சிலந்திப்பேன்களே வழக்கத்தைவிட அதிக முட்டை வைத்தன.

சாலையோர வரிசைகள் முதலில் சிவப்பதற்குத் தூசியே முக்கியக் காரணம். வண்டிகள் கிளப்பும் புழுதி இலையில் படிந்தால் செஞ்சிலந்திக்குப் பெரிய தொந்தரவில்லை, மோப்பம் பிடித்து ஓடும் வேட்டைக்காரருக்குத்தான் கஷ்டம். நிழலும் அப்படித்தான். சில்வர் ஓக்கை விலைக்கு விற்று மொட்டையடித்த துண்டில் வெயிலும் வறட்சியும் கூடி, செஞ்சிலந்தி தழைக்கும். யூரியாவை அள்ளிக் கொட்டினால் இலைச்சாற்றில் தழைச்சத்து கூடி முட்டையும் கூடும். இவை எதிலும் தனியாகப் பெரிய பாவம் இல்லை. எல்லாம் சேர்ந்துதான் கணக்கைச் சாய்க்கின்றன.

இந்தக் குடும்பமே நமக்கு எதிரி என்ற முடிவுக்கு வருவதற்கு முன் உதகையைச் சுற்றியுள்ள புல்வெளிகளைப் பாருங்கள். மஞ்சள் பூவும் முள்ளுமாகக் குத்துக் குத்தாக நிற்கும் கோர்ஸ் என்ற ஐரோப்பியப் புதர், பிரிட்டிஷ்காரர்கள் கொண்டுவந்தது. இன்று சீகை (வாட்டில்), கற்பூர (யூகலிப்டஸ்) மரங்களோடு சேர்ந்து நம் புல்வெளியைத் தின்னும் அந்நியச் செடிகளில் ஒன்று. நியூசிலாந்திலும் இதே தலைவலி உண்டு, அங்கே ஆட்டுக்கு வேலி என்று நட்டது நாட்டையே பிடித்துக்கொண்டது. 1989இல் அவர்கள் அந்தப் புதரை மட்டுமே தின்னும் ஒரு சிலந்திப்பேனை, டெட்ரானிக்கஸ் லிண்டியேரியஸ் என்பதை, ஐரோப்பாவிலிருந்து கொண்டுவந்து விட்டார்கள். பிறகு அமெரிக்காவின் மேற்குக் கரையிலும் ஆஸ்திரேலியாவிலும் விட்டார்கள். கூட்டம் கூட்டமாகப் புதரின் மேல் வெள்ளைத் துணி விரித்ததுபோல் வலை பின்னித் தின்னும். முதலில் பிரமாதமாகப் பரவியது. பிறகு ஸ்டீத்தோரஸ் பொறிவண்டுகளும் ஃபைட்டோசீயுலஸ் பெர்சிமிலிஸ் என்ற வேட்டைச் சிற்றுண்ணியும் கண்டுபிடித்துவிட்டன, பல இடங்களில் கூட்டத்தைத் தின்று அடக்கிவிட்டன. மனிதர்கள் சிலந்திப்பேன் பெருக வேண்டும் என்று ஆசைப்பட்ட அபூர்வமான இடத்தில் பெருகவிடாமல் செய்தவர்கள் இவர்கள். பூச்சிமருந்து படாத புதரில் கழித்தல் எவ்வளவு வலுவாக நடக்கும் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியாது. இதை ஊட்டிக்குக் கொண்டுவரலாமா என்று கேட்பவர்களுக்கும் பாதி பதில் இதிலேயே இருக்கிறது.

அந்த பெர்சிமிலிஸின் கதையும் சுவையானது. சிலியிலிருந்து ஆர்க்கிட் செடிகளோடு ஜெர்மனிக்குத் தற்செயலாக வந்து சேர்ந்ததை 1958இல் கவனித்தார்கள். சிலந்திப்பேனைத் தவிர வேறெதையும் தின்னாத இதை இன்று ஐரோப்பாவின் கண்ணாடிக் குடில்களுக்குக் குப்பியில் அடைத்து விற்கிறார்கள். பாலிஹவுஸ் மாதிரி மூடிய இடத்தில் இது நன்றாக வேலை செய்யும். திறந்த தேயிலைச் சரிவுக்கு, ஏற்கெனவே இங்கேயே இருக்கும் லாங்கிஸ்பைனோசஸை வாழவிடுவதுதான் மலிவு.

தேயிலையில் வேறு சிற்றுண்ணிகளும் உண்டு, குழப்பிக்கொள்ளக் கூடாது. இளஞ்சிவப்பு, ஊதாச் சிற்றுண்ணிகள் இரண்டும் எரியோஃபைடே குடும்பம். புழு மாதிரி நீண்ட உடல், நான்கே கால், லென்ஸிலும் சிரமப்பட்டே தெரியும். மஞ்சள் சிற்றுண்ணி இளங்கொழுந்தைச் சுருட்டும். குடும்பம் வேறானால் மருந்தும் வேறாகலாம், எதைப் பார்த்தோம் என்பதைத் தெரிந்துகொண்டு கடைக்குப் போவது நல்லது.

கடை என்றதும் கோத்தகிரிப் பக்கத்தில் கேட்ட பேச்சு ஒன்று நினைவுக்கு வருகிறது. “அண்ணே, ரெண்டு தடவ அடிச்சாச்சு, நிக்கவே மாட்டேங்குது. டோஸ் பத்தலையா?” என்றார் இளைஞர் ஒருவர். “டோஸ்ல என்னப்பா இருக்கு. ரெண்டு தடவையும் ஒரே மருந்தா? மேலாப்ல அடிச்சியா, அடி இலை நனையிற மாதிரி அடிச்சியா?” என்றார் பெரியவர். ஒரே கேள்வியில் மூன்று பாடம். பல மருந்துகள் உலவும் சிலந்தியைக் கொல்லும், முட்டையைத் தொடாது. முட்டை பொரிந்த பிறகு இன்னொரு முறை தேவைப்படும். அந்த இரண்டாவது முறை அதே மருந்தானால், முதல் முறை தப்பித்தவர்களின் பிள்ளைகளுக்கு அது பழகியிருக்கும். கொழுந்து மட்டத்தில் மட்டும் தெளித்தால், கூட்டம் இருக்கும் முதிர் இலைக்கு மருந்து போகவே போகாது.

சிறு விவசாயிக்கு இதில் செய்ய முடிந்தவை சில உண்டு. டிசம்பர் கடைசியிலிருந்தே சாலையோரத்தையும் வெட்டவெளித் துண்டையும் லென்ஸோடு பார்த்து, முதலில் தென்படும் செடிகளுக்கு ஒரு குச்சி நட்டு அடையாளம் வைக்கலாம். அந்தத் துண்டில் கொழுந்தைக் கடைசியாகப் பறிக்கச் சொல்லலாம், பறிப்பவர்களின் துணியிலும் கூடையிலும் ஒட்டிப் பக்கத்து வரிசைக்குப் போவது குறையும். தோட்டம் முழுக்க அடிக்காமல் அந்தத் திட்டுகளுக்கு மட்டும், தேயிலை வாரியம் அனுமதித்த பட்டியலில் உள்ளதை, பறிப்புக்கு முன் விட வேண்டிய இடைவெளி விட்டு அடிக்கலாம். பச்சைத் தேயிலை விலை படுத்துக் கிடக்கும் வருடங்களில், மருந்துச் செலவு பாதியாவதே பெரிய லாபம். இலையில் மருந்து எச்சம் மிஞ்சினால் ஆலையும் ஏற்றுமதிக்காரரும் கேட்கும் கேள்விகள் கடைசியில் கொழுந்து கொடுத்தவர் தலையில்தான் வந்து விடியும்.

பக்கத்துத் தோட்டக்காரரிடம் பேச வேண்டியதும் இருக்கிறது. காற்றுக்கு வேலி கிடையாது. அவர் எல்லைவரை பைரித்ராய்டு அடித்தால் உங்கள் பொறிவண்டும் போகும். ஏப்ரலில் கோடைமழை ஒரு வாரம் பிடித்துக்கொண்டால் உலவும் சிலந்திகளில் பெரும்பகுதி அடித்துப்போய்விடும். அந்த வாரத்தில் அவசரப்பட்டுத் தெளிப்பானைத் தூக்குவதற்கு முன், நான்கு செடியிலாவது இலையைப் பறித்துப் பார்ப்பது நல்லது. உயிருள்ள முட்டை எவ்வளவு, பளபளப்பாக ஓடுபவர் இருக்கிறாரா, கறுப்பு வண்டு இருக்கிறதா என்று எண்ணிவிட்டு, இன்னும் பத்து நாள் கழித்து அதே செடிகளை மறுபடி பார்த்து முடிவெடுக்கலாம்.